காலைக் காத்த கலை

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல் வழியாகக் கரூருக்கும் மதுரைக்கும் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்போர், பாரதம் முழுமைக்கும் சரக்கு சுமந்து செல்லும் லாரிகளின் அணிவகுப்பைக் காணலாம். நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டப்பட்ட வண்டிகள், சங்ககிரி உரிமையாளர்களின் வண்டிகள், ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என அவை இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த மண்ணில் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பு எரிவது இத்தொழிலால்தான். ஓட்டுநராகவும் கிளீனராகவும் மெக்கானிக்காகவும் நம் சமுதாயப் பிள்ளைகளும் இதில் உழைத்து வருகின்றனர்.

சோறு போடும் அதே சாலை சில வேளைகளில் காலையும் பறித்துவிடுகிறது. லாரி மோதும்போது ஓட்டுநரின் முழங்கால் எதிரேயுள்ள இரும்பில் இடிக்கிறது. இருசக்கர வண்டியில் செல்பவருக்கோ, உடலில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே முழங்கால்தான். மருத்துவமனை வாசலில் கூடி நிற்கும் உறவினர் அனைவரும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "காலை எடுத்துவிடுவார்களா?"

இந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இஸ்லாமிய மருத்துவ மேதைகளுக்குச் சிறப்பான இடம் உண்டு. கொங்கு நாட்டின் தலைநகராம் கோவைக்கும் ஓரிடம் உண்டு. அதனைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டின் அமைப்பு

முழங்கால் என்பது மூன்று எலும்புகள் கூடும் இடம். மேலிருந்து தொடை எலும்பு இறங்குகிறது. கீழ்க்காலின் பெரிய எலும்பு அதனைத் தாங்குகிறது. முன்புறம் முட்டிச் சில்லு காவலாக அமைந்திருக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனை ஒரு தட்டைப்போல் விரிந்து, வழுவழுப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும். நம் உடலின் பாரம் முழுவதும் இந்தச் சிறு தட்டின் மீதே இறங்குகிறது.

உயரத்திலிருந்து விழும்போதும், வண்டி மோதும்போதும், தொடை எலும்பின் முனை உலக்கையைப்போல் இத்தட்டின் மீது குத்துகிறது. தட்டு பிளக்கிறது, சில வேளை உள்ளே அமிழ்ந்துவிடுகிறது, கடுமையான விபத்தில் இரு பக்கமும் நொறுங்கி, தண்டெலும்பிலிருந்தே பிரிந்துவிடுகிறது. தொடையின் நடுவில் முறிந்த எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும் மனிதன் நடந்துவிடுவான். மூட்டின் பரப்பில் ஏற்படும் மேடுபள்ளமோ, ஏந்திரக் கல்லில் அகப்பட்ட மணலைப்போல் குருத்தெலும்பை நாள்தோறும் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் இங்கே மறைந்திருக்கின்றன. முதலாவது, மூட்டின் பின்புறம் எலும்பை ஒட்டியே ஓடும் பெரிய இரத்தக் குழாய். எலும்பு விலகும்போது அது நசுங்கலாம், கிழியலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டம் மீளாவிட்டால் கீழ்க்காலின் சதை மடியத் தொடங்கும். இரண்டாவது, கீழ்க்காலின் முன்புறமும் உட்புறமும் எலும்பை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. அத்தோல் கெட்டால் எலும்பு வெளிப்படும். எலும்பு வெளிப்பட்டால் சீழ் பிடிக்கும். ஆகவே முழங்கால் முறிவின் கதை எலும்பின் கதையாக மட்டும் இருந்ததில்லை. அதனைச் சூழ்ந்த சதையின் கதையாகவும் அது எக்காலத்தும் இருந்து வந்திருக்கிறது.

உர்வா (ரஹ்) அவர்களின் பொறுமை

பண்டைக் காலத்தில் காலில் அழுகல் கண்டால் தீர்வு ஒன்றே: வெட்டுதல். மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவரான உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் இல்லங்களில் அறியப்பட்டதே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் புதல்வர் இவர். கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கைக் காண டமாஸ்கஸ் சென்றபோது இவரது காலில் அழுகல் நோய் கண்டது. பரவுமுன் காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அறிவை மயக்கும் பானத்தை அருந்த மறுத்து, இறைவனை நினைந்தவாறே காலை அறுக்கக் கொடுத்தார் அந்தப் பெருந்தகை. குருதியை நிறுத்தக் கொதிக்கும் எண்ணெயைப் பயன்படுத்தினர். அதே பயணத்தில் தம் அருமை மகன் ஒருவரையும் பறிகொடுத்தார். ஆயினும் இறைவனைப் புகழ்ந்தவாறே மதீனா திரும்பி, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் கல்விப் பணியாற்றினார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் பொறுமைக்குச் சான்றாகவே சொல்லி வருகிறோம். மருத்துவ வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால் இதில் இன்னுமொரு பாடமும் இருக்கிறது. உயிரைக் காக்க ஓர் உறுப்பை இழப்பது நம்பிக்கைக் குறைவாகாது. முற்காலச் சான்றோரே அம்முடிவுக்கு உடன்பட்டிருக்கின்றனர். வெட்டுவதற்கும் காப்பதற்கும் இடையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும் அக்காலத்தில் அவர்களுக்கு இல்லை. அந்த வாய்ப்பை உண்டாக்கியதே பின்னர் வந்த மருத்துவத்தின் சாதனை.

குர்துபாவின் ரண வைத்தியர்

அந்தலூசியாவின் தலைநகராய் விளங்கிய குர்துபாவை அடுத்து மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரம் இருந்தது. அங்கே கி.பி. 936 வாக்கில் பிறந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்). ஐரோப்பியர் இவரை 'அபுல்காசிஸ்' என்றழைத்தனர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி இவர் முடித்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். அதன் முப்பதாம் பாகம் அறுவை மருத்துவத்திற்கே உரியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வரைபடங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. அப்பாகத்தின் மூன்றாம் பிரிவு எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் பற்றிப் பேசுகிறது; முட்டிச் சில்லின் முறிவுக்கும் அங்கே தனி இடம் உண்டு.

அந்நூலின் முன்னுரையில், கற்காதவர் கத்தியெடுப்பதால் விளையும் கேட்டைக் காட்ட அவர் சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. ஓர் அதிகாரியின் வீட்டைச் சேர்ந்த இளைஞனுக்குக் காலில் காயத்தோடு கூடிய முறிவு. வைத்தியர் ஒருவர் காயத்தின் மீதே பஞ்சு வைத்து, தப்பைகளால் இறுக்கிக் கட்டி, காயம் கசிய வழிவிடாது மூடிவிட்டார்; பல நாள் அவிழ்க்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார். கால் வீங்கி, இளைஞன் சாவின் விளிம்பை எட்டினான். அழைக்கப்பட்ட ஸஹ்ராவி உடனே கட்டை அவிழ்த்தார். நோவு தணிந்தது. ஆயினும் அழுகல் முன்பே வேரூன்றிவிட்டதால் அவனைக் காப்பாற்ற இயலவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்நிகழ்ச்சி இன்றும் பழையதாகிவிடவில்லை. எலும்பை மட்டும் பார்த்து, வீங்கும் சதையை மறந்து கட்டிய கட்டே அங்கு உயிரைக் குடித்தது. ஆகவேதான், காயமுள்ள முறிவில் காயத்துக்கு நேரே கட்டில் ஒரு சாளரம் விட வேண்டும் என்றும், அதன் வழியே நாள்தோறும் காயத்தைப் பேண வேண்டும் என்றும் ஸஹ்ராவி கற்பித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கிழக்கே வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037) தம் 'கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் முறிவுகளை ஆராய்ந்தார். முறிந்த அன்றே தப்பை வைத்து இறுக்காமல், ஐந்தாம் நாள் கடந்து வீக்கம் அடங்கும்வரை பொறுத்திருக்கலாம் என்பது அவரது கருத்து.

கட்டில் சாளரம், கட்டுவதில் பொறுமை. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கதையின் முடிவில் இவை மீண்டும் வரும்.

பஸராவிலிருந்து லண்டன் வரை

தஸ்ரீஃபின் அறுவை மருத்துவப் பாகம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைதுலா என்னும் டோலிடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய ரண வைத்தியர்களுக்கு அது பாடநூலாய் விளங்கிற்று. கீழை நாடுகளின் கைத்திறனும் தொடர்ந்து மேற்கே சென்றது. பஸராவில் ஆங்கிலேயத் தூதராக இருந்த வில்லியம் ஈட்டன், முறிந்த காலைச் சுண்ணச் சாந்துக் கூட்டுக்குள் வைத்துக் குணமாக்கும் முறையை அங்கே கண்டு 1798இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். இன்று நாம் 'மாவுக்கட்டு' என்றழைக்கும் சாந்து பூசிய துணிக்கட்டை டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1852இல் அறிமுகப்படுத்தினார்.

மாவுக்கட்டு மூடிய முறிவுக்கு உதவியது. தோல் கிழிந்த முறிவுக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவிலும் வாளே மருந்தாக இருந்தது. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பொதுவில் நிரூபிக்கப்பட்டதால் நோவு தணிந்தது, சீழ் தணியவில்லை. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கீழ்க்கால் முறிந்து காயமுற்ற பதினோரு வயதுச் சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டு இட்டார். காயத்தில் சீழ் பிடிக்கவில்லை. சிறுவனின் கால் பிழைத்தது. 1877இல் லண்டனில் அதே லிஸ்டர் முறிந்த முட்டிச் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். முழங்கால் மூட்டைத் திறப்பதே உயிருக்கு உலை என்றெண்ணிய காலத்தில் இது பெருந்துணிவாகும்.

1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே கதிர், தோலைத் திறக்காமலே முறிவைக் காணச் செய்தது. வேல்ஸ் நாட்டு எலும்பு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் பரம்பரையாக முறிவு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் செய்த நீண்ட இரும்புச் சட்டம், முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர்கள் பலரின் உயிரைக் காத்தது. நாட்டு வைத்தியரின் கைப்பழக்கமும் கல்லூரி மருத்துவமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு அவர் வாழ்வு நற்சான்று.

இரத்தக் குழாயின் கதையும் போர்க்களத்திலேயே மாறியது. இரண்டாம் உலகப் போரில் முழங்காலின் பின்னுள்ள குழாய் அறுபட்டால் அதைக் கட்டிவிடுவதே வழக்கம்; அவ்வாறு கட்டப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் காலை இழந்தனர். குழாயைத் தைத்து இணைக்கும் முறை கொரியா, வியட்நாம் போர்களில் வேரூன்றியபின் இழப்பு பத்தில் மூன்று என்னும் அளவுக்கு இறங்கியது.

தகடும் திருகாணியும்

1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் மாரிஸ் முல்லர் முதலான அறுவை மருத்துவர்கள் 'ஏ.ஓ.' என்னும் அமைப்பை நிறுவினர். எலும்பைப் பழைய வடிவில் பொருத்துக, தகடும் திருகாணியும் கொண்டு உறுதியாக நிறுத்துக, இரத்த ஓட்டத்தைக் கெடுக்காதிருக்க, மூட்டை விரைவில் அசைக்க. இந்நான்குமே அவர்களின் கோட்பாடு. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து முழங்கால் மரக்கட்டையாகும் நிலையை இது மாற்றியது. 1979இல் கனடாவின் டொராண்டோவில் ஜோசப் ஷாட்ஸ்கரும் தோழர்களும் கீழ்க்கால் தட்டின் முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்தனர். ஐந்தாம் வகையில் தட்டின் இரு பக்கமும் உடைகின்றன. ஆறாம் வகையில் தட்டு தண்டெலும்பிலிருந்தே பிரிந்துவிடுகிறது. சிக்கலான முறிவு என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இவற்றையே.

புதிய கருவி கைக்கு வந்தால் பழைய பாடம் மறந்துபோவது மனித இயல்பு. முறிவு வந்த ஓரிரு நாளிலேயே, வீங்கிக் கொப்புளித்த தோலை நடுவில் நீளமாகக் கீறி, இரு புறமும் தகடு வைத்த மருத்துவர்கள் அழகான எக்ஸ்ரே படத்தைக் கண்டு மகிழ்ந்தனர். சில வாரங்களில் தோல் அழுகித் தகடு வெளிப்பட்டது. எலும்பு சேர்ந்தும் கால் போன நோயாளிகள் இருந்தனர். குர்துபாவில் கட்டு செய்த கேட்டைக் கத்தி செய்தது. கருவி மாறியதே அன்றிப் பிழை மாறவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இன்றைய முறை. முதல் நாளில் மூட்டைத் திறப்பதில்லை. தொடையிலும் கீழ்க்காலிலும் முறிவுக்கு எட்டத்தில் கம்பிகளைச் செலுத்தி, வெளியே ஒரு சட்டத்தால் இணைத்துக் காலை நீட்டி நிறுத்துகின்றனர். சட்டம் எலும்பைத் தாங்குகிறது; தோலும் சதையும் காற்றோட்டமாக, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. காலை நீட்டி நிறுத்திய பின்னரே ஸி.டி. படம் எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவர் கணக்கிட்டுக்கொள்கிறார். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். அதன் பின்பே, நடுவில் ஒரே கீறலாக இல்லாமல் வெளிப்புறம் ஒன்றும் உட்புறம் ஒன்றுமாகக் கீறி, அமிழ்ந்த பரப்பை மேலே தூக்கி, அடியிலுள்ள பள்ளத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகளாலோ அதற்கீடான பொருளாலோ நிரப்பி, தகடு பொருத்துகின்றனர். தோல் மிகவும் கெட்டிருந்தால், சைபீரியாவின் குர்கன் நகரில் இலிஸாரோவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம் துணைசெய்கிறது.

தோலைத் திறந்து காணும் சட்டத்தில் ஸஹ்ராவியின் சாளரத்தையும், சுருக்கம் விழக் காத்திருக்கும் நாட்களில் இப்னு ஸீனாவின் பொறுமையையும் நாம் காண்கிறோம். அவர்களின் ஏட்டைப் படித்துத்தான் இம்முறை வகுக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகும். மனித உடல் ஒன்றே. அதனைக் கூர்ந்து நோக்கியவர்கள் எந்நூற்றாண்டில் வாழ்ந்தாலும் ஒரே உண்மையைக் கண்டனர் என்பதே பொருந்தும்.

கோவை தந்த அளவுகோல்

இனி, முதற் கேள்விக்கு வருவோம். சதையும் தோலும் எலும்பும் ஒருசேரச் சிதைந்த காலைக் காப்பதா, எடுப்பதா? காக்க முயன்று தோற்றால் பல அறுவைகள், பல மாதங்கள், குடும்பத்தின் நகையும் நிலமும் போனபின் இறுதியில் காலும் போகும். அவசரப்பட்டு எடுத்துவிட்டாலோ, பிழைத்திருக்கக்கூடிய கால் வீணாகும்.

இக்கேள்விக்கு நம் அண்டையிலிருந்தே ஒரு விடை வந்தது. கோவையில் 1978இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரனும் அவருடைய குழுவினரும், காயத்தோடு கூடிய கடும் கீழ்க்கால் முறிவுகள் 109ஐ ஆராய்ந்து, 2006இல் ஆங்கிலேய எலும்பு மருத்துவ இதழில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். இரத்த ஓட்டம் நிலைத்திருக்கும் கால்களுக்கு உரியது இது. தோலுக்கு ஐந்து வரை, எலும்புக்கு ஐந்து வரை, தசை நரம்புகளுக்கு ஐந்து வரை மதிப்பெண். காலங்கடந்த வருகை, நீரிழிவு போன்ற பாதகங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கூட்டுத்தொகை 14க்குள் இருந்தால் காலைக் காக்க முயலலாம். 17ஐ எட்டினால் எடுப்பதே பெரும்பாலும் நன்று. இடைப்பட்டதில் அனுபவமிக்கவர் கூடி முடிவெடுக்க வேண்டும். எலும்பு மருத்துவரும், சதையும் தோலும் ஒட்டும் மருத்துவரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக நின்று காயத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்தும் நெறி. நம் சாலைகளில் அடிபட்ட கால்களைக் கண்டு வகுத்த இந்த அளவுகோல் பிற நாடுகளிலும் ஆராயப்பட்டு எடுத்தாளப்படுகிறது.

நம் இல்லங்களுக்கு

வரலாறு படிப்பது வாழ்வுக்குப் பயன்படவே. முறிவு என்றதும் தப்பைக் கட்டு வைத்தியரை நாடும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. புத்தூர்க் கட்டைத் தேடி எல்லை கடந்து செல்வோரும் உளர். எளிய முறிவுகளில் அவர்களின் கைத்திறனால் நலம் பெற்றவர்கள் பலர். அதனை மறுப்பது நன்றியாகாது. ஆனால் முழங்காலைச் சார்ந்த முறிவு அவர்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வீங்கும் காலை மூங்கில் தப்பையால் இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடித் தசை மடியும். கட்டியபின் நோவு தாங்கவொண்ணாது பெருகுதல், விரலை நிமிர்த்தினால் உயிர் போகும் வலி, பாதம் குளிர்ந்து மரத்தல் ஆகியவை எச்சரிக்கை மணிகள். கட்டியவர் எவராயினும், மாவுக்கட்டே ஆயினும், அக்கணமே மருத்துவமனைக்குச் சென்று கட்டைத் தளர்த்தச் செய்ய வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது பொறுமையாகாது. எப்போது விரைவது, எப்போது காத்திருப்பது என்று அறிந்து நடப்பதே பொறுமை.

தமிழகத்தில் 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் அரசுத் திட்டம் 2021இல் வந்தது. பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் அதில் அடங்கும். சேலத்தில் 1986 முதலும் நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. வசதியில்லை என்று தயங்கி அந்த முதல் ஆறு மணி நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

அறுவை முடிந்தபின்னும் கடமை முடிவதில்லை. எலும்பு கூடும்வரை, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வாரங்கள், அந்தக் காலை ஊன்றக் கூடாது. ஆயினும் மருத்துவர் சொன்ன நாள் முதலாய் முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும். 'அசைத்தால் பிளேட்டு கழன்றுவிடும்' என்றஞ்சிப் பாசத்தால் படுக்கையிலேயே வைத்திருக்கும் தாய்மார்கள் பிள்ளையின் மூட்டை இறுக்கிவிடுகின்றனர். நாற்காலியில் அமரவும் படியேறவும் ஏறத்தாழ நூறு பாகை மடக்கம் போதும். தரையில் அமர்ந்து உண்ணவும், சுஜூதிலிருந்து எழுந்து இருப்பில் அமரவும் 130 பாகைக்கு மேல் தேவை. மேலைநாட்டு நோயாளிக்குப் போதுமென்று படும் மடக்கம் நம் தொழுகையாளிக்குப் போதாது. இதனை முதலிலேயே மருத்துவரிடமும் உடற்பயிற்சி வல்லுநரிடமும் சொல்லிவிடுதல் நலம். இயலாதவர் அமர்ந்தோ சாய்ந்தோ தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது; நாற்காலியில் அமர்ந்து தொழும் சகோதரரின் தொழுகை எவ்வகையிலும் குறைந்ததன்று.

காலை எடுத்தே ஆகவேண்டும் என்று தேர்ந்த மருத்துவர்கள் கூடிச் சொன்னால், உர்வா (ரஹ்) அவர்களை நினைவு கூர்வோம். கால் இழந்த பின்னும் அவரிடம் கல்வி கற்க மாணவர்கள் வந்துகொண்டிருந்தனர். செயற்கைக் கால் பொருத்திப் பட்டறைக்குத் திரும்பும் இளைஞனை இரக்கத்தோடு பார்ப்பதைவிட, அவனுக்கு வேலையும் மதிப்பும் தருவதே சமுதாயத்தின் கடமை. அத்தகைய கடமையுணர்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!